பிறந்த குழந்தையின் ஒரு கை அசையவில்லை என்றால்

பிறந்த குழந்தை திடுக்கிட்டால் இரண்டு கைகளையும் விரிக்கும். அடுத்த நொடி எதையோ கட்டிக்கொள்வதுபோல் மடக்கும். ஒரு கை மட்டும் விரிந்து இன்னொன்று பக்கவாட்டிலேயே கிடந்தால் கவனிக்க வேண்டும். அந்தக் கையின் தோள் உள்பக்கம் திரும்பியிருக்கும். முழங்கை நீட்டியபடி இருக்கும். மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை பின்னால் பார்த்திருக்கும். விரல்கள் மட்டும் பல நேரம் நன்றாக மூடித் திறக்கும். நம் விரலைக் கொடுத்தால் கெட்டியாகப் பிடிக்கும். இவ்வளவு பலமாகப் பிடிக்கிற கையை ஏன் தூக்க முடியவில்லை என்பதுதான் வீட்டில் யாருக்கும் புரியாது.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் பிரசவ நேரத்தில் இழுபடுவதால் வருவது இது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘எர்ப்ஸ் பால்சி’ என்றோ ‘பிரேக்கியல் பிளெக்சஸ் காயம்’ என்றோ எழுதியிருப்பார்கள். ஆயிரம் பிரசவங்களில் ஏறத்தாழ ஒன்று இரண்டில் நேர்கிறது. அரிது என்று சொல்லிவிட முடியாது. பெரிய அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் எந்தக் குழந்தை மருத்துவருக்கும் பழக்கமான ஒன்றுதான்.

பெற்றோருக்கு முதலில் சொல்லப்படுவது, “கவலைப்படாதீங்க, தானா சரியாயிடும்.” இது பெரும்பாலும் உண்மை. பத்தில் ஏழெட்டுக் குழந்தைகளுக்குக் கை முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ திரும்பிவிடும். ஆனால் மீதி இரண்டு மூன்று குழந்தைகளின் பெற்றோரும் அதே ஆறுதலைக் கேட்டு, அதே நம்பிக்கையோடு வீட்டில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் காத்திருப்பில் போவது திரும்ப வராத மாதங்கள்.

கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்புகின்றன. அவை காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. மேலிருக்கும் முதல் இரண்டு வேர்கள் தோளைத் தூக்கவும், கையை வெளிப்புறம் திருப்பவும், முழங்கையை மடக்கவும் உதவுகின்றன. நடுவிலுள்ளது முழங்கையையும் மணிக்கட்டையும் நீட்ட உதவுகிறது. கடைசி இரண்டும் விரல்களுக்கானவை. பிரசவத்தில் தலைக்கும் தோளுக்கும் இடையே இழுப்பு விழும்போது முதலில் சிக்குவது மேல் வேர்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த மேல் இரண்டோடு காயம் நின்றுவிடுகிறது. பிடிக்கிற கை தூக்காமல் கிடப்பதற்கு விடை இதுதான்: விரலுக்குப் போகும் கீழ் வேர்கள் தப்பித்துவிட்டன. ஐந்து வேர்களும் அடிபட்டால் கை முழுவதும் துவண்டு தொங்கும்.

இந்த இழுப்பு எங்கே நேர்கிறது? குழந்தையின் தலை வெளியே வந்துவிடுகிறது. முன்பக்கத் தோள் தாயின் இடுப்பெலும்பின் முன்பகுதிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. ‘ஷோல்டர் டிஸ்டோசியா’ என்று பிரசவ அறையில் சொல்வது இதைத்தான். தொப்புள்கொடி அழுந்தியிருக்கும், குழந்தைக்கு ஆக்சிஜன் குறையத் தொடங்கும், கையில் இருப்பது சில நிமிடங்கள். குழந்தையின் எடை நான்கு கிலோவுக்கு மேல் இருப்பது, தாய்க்குச் சர்க்கரை இருப்பது, ஆயுதம் போட்டோ வேக்கம் வைத்தோ எடுப்பது, முந்தைய பிரசவத்திலும் தோள் மாட்டியிருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டுகின்றன. கால் முதலில் வரும் பிரசவத்தில் எடை குறைந்த குழந்தைக்கும் காயம் ஏற்படலாம். இதில் எதுவுமே இல்லாத சாதாரணப் பிரசவத்திலும் நடக்கிறது. சிசேரியனில் வாய்ப்பு மிகக் குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. வலது கையில்தான் அதிகம் காணப்படுகிறது, குழந்தைகள் கருப்பைக்குள் பெரும்பாலும் திரும்பியிருக்கும் பக்கம் அப்படி.

நரம்புக் காயத்தில் நான்கு தரம் உண்டு. செடியை வைத்துச் சொன்னால் எளிது. தண்டு வளைந்து, வாடி, நிமிர்ந்துகொள்வது முதல் தரம். இந்த நரம்பு சில வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிடும். தண்டின் உள்நார் அறுந்து மேல்தோல் மட்டும் ஒட்டியிருப்பது இரண்டாவது. உள்ளே மெல்ல வளர்ந்து சேரும், மாதங்கள் ஆகும். தண்டே ஒடிந்து போவது மூன்றாவது. நான்காவது வேரோடு பிடுங்கப்படுவது. நரம்பு தண்டுவடத்திலிருந்தே கழன்று வந்துவிடுகிறது. பிடுங்கப்பட்ட வேரைப் பழைய இடத்தில் நட்டுப் பயனில்லை. ஒரே குழந்தையின் ஐந்து வேர்களில் ஒன்று வளைந்தும் ஒன்று ஒடிந்தும் ஒன்று பிடுங்கப்பட்டும் இருக்கலாம்.

முதல் நாளில் எந்த மருத்துவராலும் இது எந்தத் தரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நால்வகைக் காயமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி அசையாத கைதான். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனை பெரியவர்களுக்கு உதவுகிற அளவு சிசுக்களுக்கு உதவுவதில்லை. அந்தச் சோதனை உண்மை நிலையைவிட நல்ல செய்தியைச் சொல்லி ஏமாற்றுவதும் உண்டு. காலம்தான் காட்டிக்கொடுக்கிறது. எந்தத் தசை எந்த வாரத்தில் அசையத் தொடங்கியது என்பதுதான் இங்கே சோதனை முடிவு.

ஆனால் முதல் நாளிலேயே பார்த்துவிட வேண்டியவை சில உண்டு. காறை எலும்பும் மேற்கை எலும்பும் முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு முறிந்த வலியாலும் குழந்தை கையை அசைக்காமல் வைத்திருக்கும். அது இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும். குழந்தை மூச்சுவிடச் சிரமப்பட்டால் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் அடிபட்டிருக்கலாம். அதை ஸ்கேனில் பார்க்கலாம். அடிபட்ட கையின் பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தாழ்ந்து, அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் சிறுத்திருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழ் வேர் தண்டுவடத்திலிருந்து பிடுங்கப்பட்டிருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது. பெற்றோரே பார்த்துச் சொல்லக்கூடியது.

இன்னொன்று. பிறந்தபோது நன்றாக அசைந்த கை, சில நாளோ சில வாரமோ கழித்து அசையாமல் போனால் அது பிரசவக் காயம் இல்லை. தோள் மூட்டிலோ எலும்பிலோ சீழ் பிடித்திருக்கலாம். காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் வீடுகளில் இந்தக் கட்டத்தில் ஒரு பேச்சு எழும். “உரம் விழுந்திருக்கும்மா, யாரோ தப்பாத் தூக்கியிருக்காங்க. நாளைக்கு உரம் எடுக்குற ஆயாவை வரச்சொல்றேன்.” புடவையில் படுக்கவைத்து இருபக்கமும் பிடித்து உருட்டுவதும், கை கால்களைக் குறுக்கே இழுத்து நீவுவதும் பல தலைமுறைப் பழக்கம். ஆரோக்கியமான குழந்தைக்கே நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நரம்பு இழுபட்ட கைக்கு இது கண்டிப்பாகக் கூடாது. ஏற்கெனவே இழுப்பால் வந்த காயத்துக்கு இன்னோர் இழுப்பு மருந்தாகாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. கையைப் பிடித்துத் தூக்குவது, தோளைச் சொடுக்குவது, முறுக்குவது மூன்றும் வேண்டாம். பாட்டியை விலக்கி வைக்காமல் பிசியோதெரபிஸ்டிடம் அவரையும் அழைத்துப் போவது புத்திசாலித்தனம். பயிற்சியைப் பெரும்பாலும் செய்யப்போவது அவர்தானே.

முதல் வாரம், பத்து நாள் கைக்கு ஓய்வு. சட்டையின் முன்பக்கத்தோடு தளர்வாகச் சேர்த்து வைத்தால் கை தொங்கி இழுபடாது. உடை மாட்டும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல் தலைக்கும் முதுகுக்கும் அடியில் கைவைத்துத் தூக்குங்கள். தூளியில் போட்டால் அந்தக் கை முதுகுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். குழந்தைக்கு உணர்ச்சி குறைவாக இருந்தால் அழவும் அழாது. அதனால் கையை மார்புக்கு முன்னால் எடுத்துவிட்டு, அடிக்கடி பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடும் தெரியாது. குளியல் நீரின் சூட்டை உங்கள் கையால் பாருங்கள், குழந்தையின் கையால் வேண்டாம்.

பிறகு பயிற்சி. பயிற்சி நரம்பை வளர்க்காது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. நரம்பு தன் வேகத்தில் வளரும்போது மூட்டுகள் இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பயிற்சியின் வேலை. நரம்பு வந்து சேர்ந்தும் மூட்டு பூட்டிக்கொண்டிருந்தால் கை அசையாது.

பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை நேரில் காட்டித் தந்த பிறகு, டயப்பரோ துணியோ மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் போதும். மிக முக்கியமான அசைவு ஒன்று உண்டு. குழந்தையின் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, தொண்ணூறு பாகைக்கு மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்புறம் திருப்புவது. கதவைத் திறக்கிற திசை. தோளின் உட்புறத் தசைகளுக்கு நரம்பு இருக்கிறது, வெளிப்புறம் திருப்பும் தசைகளுக்கு இல்லை. கை நாள் முழுக்க உள்ளேயே இழுபட்டுக் கிடப்பதால் முதலில் இறுகுவது இந்த அசைவுதான். அடுத்தது, தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழந்தையின் கையை மேலே தூக்குவது. தோள்பட்டையைப் பிடிக்காமல் தூக்கினால் கை உயர்வதுபோல் தெரியும், உண்மையில் தோள்பட்டை எலும்பும் சேர்ந்து சுழலும். மூட்டு இறுகுவது மறைந்துபோகும். முழங்கையை மடக்கி நீட்டுவது, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது, மணிக்கட்டையும் விரல்களையும் விரிப்பது எல்லாம் பிறகு. எந்த அசைவிலும் குழந்தை முகம் சுளித்தால் நிறுத்திவிட வேண்டும்.

விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவைப்பது, கிலுகிலுப்பையை அடிபட்ட கையின் பக்கம் காட்டுவது, அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாமே பயிற்சிதான். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் அடிபட்ட கைக்கு எதிர்ப்பக்கமே தலையைத் திருப்பி வைத்திருக்கும். பார்க்காத கையை மூளை மெல்ல மறக்கும். தாய் எந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறார் என்பதும் இதனால் ஒரு சிகிச்சை.

இனி நாள்காட்டி. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதி நினைவிருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது முழங்கை. குழந்தை தானாக, புவியீர்ப்பை மீறி, முழங்கையை மடக்குகிறதா? முதல் இரண்டு மாதத்துக்குள் மடக்கத் தொடங்கினால் கை ஏறத்தாழ முழுமையாகத் திரும்பும் என்று நம்பலாம். மூன்று மாதம் முடிந்தும் மடக்கவில்லை என்றால், தானாக வரும் மீட்சி குறைபாட்டோடுதான் இருக்கும் என்று பொருள். அப்போது கையறுவை அல்லது நரம்பறுவை நிபுணர் பார்த்தாக வேண்டும். பார்த்ததுமே கத்தி வைத்துவிட மாட்டார்கள். முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாவற்றின் அசைவுக்கும் மதிப்பெண் போட்டுக் கணக்கிடுவார்கள். கை முழுவதும் துவண்டு, கண்ணிமையும் தாழ்ந்திருக்கும் குழந்தைக்கு மூன்று மாதத்திலேயே அறுவை சிகிச்சை. மற்றவர்களுக்கு ஆறாம் மாதம், சில மையங்களில் ஒன்பதாம் மாதம்வரை பார்த்து முடிவெடுப்பார்கள். கனடாவின் டொரோன்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒன்பதாம் மாதத்தில் ஒரு பிஸ்கட் சோதனை வைக்கிறார்கள். மேற்கையை உடலோடு பிடித்துக்கொண்டு, விரல்களுக்கிடையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுப்பார்கள். தலையை அதிகம் குனியாமல் அதை வாய்க்குக் கொண்டுபோனால் தேர்ச்சி. மருத்துவத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான சோதனைகள் குறைவு.

ஏன் மூன்று மாதம், ஏன் மூன்று வருடம் இல்லை? நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து மேற்கைத் தசைக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால் நூறு நாள் பயணம். முன்கைக்கும் விரல்களுக்கும் இன்னும் தூரம். மறுமுனையில் தசை காத்திருக்காது. ஒன்றரை இரண்டு வருடம் நரம்பின் கட்டளை வராத தசையில், நரம்பு வந்து இணையும் இடங்களே அழிந்துபோகும். தசை நாராகவும் கொழுப்பாகவும் மாறிவிடும். பிறகு உலகின் சிறந்த அறுவை நிபுணர் நரம்பை ஒட்டிவைத்தாலும் கட்டளையைக் கேட்க அங்கே ஆள் இருக்காது. “ஒரு வயசு ஆகட்டும், பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வருடம் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு வரலாற்றில் நன்கு பதிவான ஒரு குழந்தை இருக்கிறது. 1859 ஜனவரி 27 அன்று பெர்லினில், விக்டோரியா மகாராணியின் மூத்த மகளுக்குத் தலைகீழாக இல்லாமல் கால்பக்கமாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது. இடது கை செயலிழந்திருந்தது. அப்போதுதான் அறுத்த முயலின் உடலைக் கையில் சுற்றிக் கட்டினார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். நல்ல வலது கையை உடம்போடு கட்டிவைத்து இடது கையை உபயோகிக்கச் சொன்னார்கள். எதுவும் பலிக்கவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஆனார். வலது கையைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் குட்டையான இடது கையை, படங்களில் கையுறைக்குள்ளோ வாளின் கைப்பிடிமேலோ வைத்து மறைத்திருப்பார். அவருடைய குணத்தையும் முதல் உலகப் போரையும் இந்தக் கையோடு முடிச்சுப் போடும் நூல்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒன்று மட்டும் வேடிக்கை: நல்ல கையைக் கட்டிவைத்த அந்த யோசனை, வன்முறை நீங்கிய வடிவத்தில் இன்று சிகிச்சையாக இருக்கிறது. சற்று வளர்ந்த குழந்தையின் நல்ல கைக்கு நாளில் சிறிது நேரம் கையுறை மாட்டி, விளையாட்டின் மூலம் பலவீனமான கையைப் பழக்குகிறார்கள்.

பிரான்ஸின் டுஷென் 1872இல் இந்தப் பிரசவ வாதத்தை விவரித்தார். ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப் 1874இல் மேல் வேர்களின் காயத்தை இடம் சுட்டிக் காட்டினார். 1903இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ராபர்ட் கென்னடி குழந்தையின் அறுந்த நரம்பைத் தைத்துக் காட்டினார். ஆனால் அன்றைய மயக்க மருந்துக்குச் சிசுவை ஒப்படைப்பதே ஆபத்து. பலனும் பெரிதாக இல்லை. அமெரிக்காவின் ஜேம்ஸ் செவர் 1925இல் ஆயிரத்து நூறு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அறுவை சிகிச்சையைச் சாதகமாகப் பேசவில்லை. அரை நூற்றாண்டு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நுண்ணோக்கி வைத்து, தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைக்கும் முறை வந்த பிறகு, 1970களின் பிற்பகுதியில் பாரிஸில் அலன் ஜில்பெர் மீண்டும் தொடங்கினார். மூன்று மாதத்தில் முழங்கையைப் பார் என்ற விதியும் அவர் குழுவின் கண்டுபிடிப்பிலிருந்து வந்ததுதான். அறுவை வேண்டாம் என்ற பழைய எண்ணம் மட்டும் இன்னும் சில மருத்துவமனைகளில் உயிரோடு இருக்கிறது.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? கழுத்தின் பக்கவாட்டில் திறந்து நரம்புப் பின்னலைப் பார்ப்பார்கள். அறுந்த இடத்தில் வழி தெரியாமல் வளர்ந்த நரம்பிழைகளும் தழும்பும் சேர்ந்து ஒரு முடிச்சாக இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு, இடைவெளியில் ஒட்டு வைப்பார்கள். ஒட்டுக்கான நரம்பு குழந்தையின் கெண்டைக்காலிலிருந்தே எடுக்கப்படும். அந்த நரம்பு தொடுவுணர்ச்சிக்கு மட்டுமானது. எடுத்தால் பாதத்தின் வெளியோரம் கொஞ்சம் மரத்திருக்கும், நடையில் குறை வராது. வேரே பிடுங்கப்பட்டிருந்தால் ஒட்ட இடமில்லை. அப்போது பக்கத்திலிருந்து கடன் வாங்குவார்கள். தோளைக் குலுக்கும் தசைக்குப் போகும் நரம்பின் ஒரு கிளையைத் தோளைத் திருப்பும் நரம்போடு இணைப்பார்கள். விரல்களுக்குப் போகும் நரம்பின் ஓர் இழையை முழங்கை மடக்கும் தசைக்குத் திருப்பிவிடும் முறையை 1994இல் பிரான்ஸின் கிறிஸ்டோஃப் ஒபெர்லின் வெளியிட்டார். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளும் கடன் கொடுக்கும்.

பல மணி நேர அறுவை இது. பிறகு சுமார் மூன்று வாரம் கையையும் கழுத்தையும் அசையாமல் வைத்திருப்பார்கள். அடுத்த நாளே கை அசையும் என்று எதிர்பார்க்கிறவர்கள் உடைந்துபோவார்கள். முதல் அசைவுக்கே நான்கைந்து மாதம் ஆகலாம். பலன் இரண்டு மூன்று வருடம்வரை கூடிக்கொண்டே போகும். இன்னொரு கையைப் போன்ற கை கிடைத்துவிடாது. வாய்க்குப் போகிற, தாங்கிப் பிடிக்கிற, உதவிக்கு வருகிற கை கிடைக்கும். அறுவை இல்லாமல் கிடைத்திருக்கக்கூடிய கையோடு ஒப்பிட்டால் இது பெரிய லாபம்.

நரம்பைப் பற்றியே பேசுகிறோம். தோள் மூட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தசைகளின் சமநிலை குலைந்ததால் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை மெல்லப் பின்பக்கம் நகரும், மூட்டுக் குழியும் உருமாறும். இது முதல் வயதிலேயே நடக்கலாம், நரம்பு நன்றாகத் தேறிவரும் குழந்தைக்கும் நடக்கலாம். முழங்கையை விலாவோடு வைத்துச் செய்யும் அந்தக் கதவு திறக்கும் அசைவு போன மாதம் போன தூரம் இந்த மாதம் போகவில்லை என்றால், அதுவே எச்சரிக்கை. அல்ட்ராசவுண்டில் மூட்டைப் பார்த்துவிடலாம். சீக்கிரம் பிடிபட்டால் உட்புறத் தசைகளில் போட்டாக்ஸ் ஊசி போட்டு, மூட்டைச் சரியான இடத்தில் வைத்துக் கட்டு போட்டாலே பலருக்குப் போதும். முக அழகுக்குப் போடுகிற அதே மருந்துதான். இறுகிய தசையைச் சில மாதம் தளர்த்தி வைக்கும்.

இரண்டு வயதுக்குமேல், தோளை வெளிப்புறம் திருப்ப முடியாத குழந்தைக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்வார்கள். நன்றாக வேலைசெய்யும் முதுகுத் தசையின் நாணை எடுத்து, வேலைசெய்யாத தோள்தசையின் இடத்தில் பொருத்துவது. 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றித்தான் நிமிர்த்தினார். வேறு நோய், வேறு உறுப்பு, ஆனால் தத்துவம் ஒன்று. கையறுவையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பாரம்பரியம் இருப்பதற்கு வேலூர் ஒரு காரணம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கையறுவைத் துறை இன்னொரு காரணம். நரம்புப் பின்னல் அறுவையில் கோவை கங்கா மருத்துவமனைக்கும் பெயருண்டு. இந்தக் குழந்தைகளுக்காக வெளிநாடு போக வேண்டிய நிலையில் நாம் இல்லை.

யார் தவறு என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். மருமகளைக் குறைசொல்லும் வீடுகளும் உண்டு. அதைப் போன்ற அநியாயம் வேறில்லை. தோள் மாட்டியபோது தலையைப் பக்கவாட்டில் பலமாக இழுத்தால் காயம் கூடும் என்பது உண்மை. மேலிருந்து வயிற்றை அமுக்குவதும் தவறு; அது தோளை இன்னும் இறுக்கமாக மாட்டவைக்கும். தாயின் தொடைகளை நன்றாக மடக்கி வயிற்றை நோக்கிக் கொண்டுவருவது, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு மேலே அழுத்தித் தோளை விடுவிப்பது, பின்பக்கக் கையை முதலில் வெளியே எடுப்பது என்று வரிசையான முறை இருக்கிறது. பயிற்சி பெற்ற குழு இதைச் செய்யும். அதே சமயம், யாரும் இழுக்காமலே, பிரசவ வலியின் தள்ளுவிசையே நரம்பை இழுத்துவிடுவதும் நடக்கிறது. மாட்டிய தோளை அவசரமாக எடுத்த டாக்டர் பல நேரங்களில் குழந்தையின் மூளையையும் உயிரையும் காப்பாற்றியிருப்பார். நான் பெற்றோருக்குச் சொல்வது, சண்டைக்கு முன் காகிதத்தைக் கேளுங்கள். பிறந்த எடை, ஆயுதமோ வேக்கமோ போடப்பட்டதா, தோள் மாட்டியதா, எந்தக் கை, எலும்பு முறிவு இருந்ததா என்பவை டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்க வேண்டும். அடுத்த மருத்துவருக்கு இது தேவை. அடுத்த பிரசவத்துக்கும் தேவை: ஒருமுறை தோள் மாட்டியிருந்தால் மறுமுறையும் மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டால் சிசேரியனா இல்லையா என்பதை நிதானமாக முடிவுசெய்யலாம்.

தடுப்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரு பெரிய கருவி கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத தாயின் குழந்தைக்குத் தலையைவிடத் தோளும் உடம்பும் பருக்கும். தலை வந்த பிறகு தோள் மாட்டுவது அதனால்தான். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதால் கிராமத்துக் கர்ப்பிணிக்கும் எளிது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறை இது. தமிழ்நாடு அரசு 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்தால் குமட்டுகிறது என்று தவிர்க்காதீர்கள்.

கை அசையாத குழந்தையோடு வீடு திரும்பியவர்கள் முதல் மாதத்துக்குள் குழந்தை மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் பார்த்துவிட வேண்டும். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் உள்ளன. பயிற்சிக்கு அங்கே போகலாம், பரிந்துரைச் சீட்டும் வாங்கலாம். செல்பேசியில் வாரம் ஒருமுறை, குழந்தையைச் சட்டையில்லாமல் படுக்கவைத்து அரை நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடத்தில் குழந்தை தூங்கிக்கொண்டோ அழுதுகொண்டோ இருக்கும்; அந்த வீடியோக்கள் முழங்கை எந்த வாரத்தில் மடங்கியது என்பதைச் சொல்லிவிடும். குழந்தைக்கு மூன்று மாதம் நிறையும் தேதியைக் காலண்டரில் இன்றே வட்டமிடுங்கள். அன்றைக்கு முழங்கை மடங்கவில்லை என்றால் கையறுவை நிபுணரின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்; “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.